பழைய நாடகத்த குயர் ஃபேன்டசியா திருப்பி எழுதுறது எப்படி? பேர மாத்துனா மட்டும் பத்தாது

குயர்னா ஒரே பாலினத்தவங்களக் காதலிக்கிறவங்க, ஆண் பெண்ணுங்கிற கட்டத்துக்குள்ள அடங்காதவங்க எல்லாரையும் சேத்துச் சொல்ற வார்த்த, ஃபேன்டசினா மாயம் கலந்த கதை. நான் செஞ்ச தப்புலருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா இத எழுத ஆசப்படுறவங்கள்ல நெறைய பேரு இதே எடத்துலதான் வழுக்குறாங்க. ஷேக்ஸ்பியரோட மெக்பத் எனக்கு ரொம்பப் பிடிச்ச நாடகம், பதவிக்காக ராஜாவையே கொல்ற ஒரு தளபதியோட கதை. அதுல மெக்பத்த ஒரு பொண்ணா மாத்துனேன், பெரிய தளபதி, லேடி மெக்பத் பொண்ணாவே இருக்கா, ரெண்டு பேரும் கல்யாணம் ஆனவங்க, சூனியக்காரிங்க மூணு பேரையும் கெழவனுங்களா ஆக்கியாச்சு, கோட்டைக்குக் காவலா ஒரு டிராகன் வேற. ஒரே மூச்சுல நாப்பது பக்கம் எழுதி ஃப்ரெண்டு ஒருத்திகிட்ட படிக்கக் குடுத்தேன். அவ ஒரே ஒரு எடத்தத்தான் காட்டுனா. ராஜாவக் கொல்ல மெக்பத் தயங்கி நிக்கும்போது லேடி மெக்பத் உசுப்பேத்துற சீன். மூலத்துல அவ கேக்குறது, சுருக்கி நம்ம பேச்சுல சொன்னா, 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'. நான் அந்த எடத்துல 'நீயெல்லாம் ஒரு வீராங்கனையா'னு போட்டு வச்சிருந்தேன். "இது குத்தவே இல்லையேடி"ன்னா.

அவ சொன்னது சரி. 'ஆம்பளையா'னு கேட்டா ஏன் சுருக்குனு தைக்குதுனா அந்த உலகம் ஆம்பளைங்கிற வார்த்தைக்குள்ள மானம், ரத்தம், பதவி எல்லாத்தையும் அடச்சு வச்சிருக்கு. நான் ஆள மட்டும் மாத்திட்டு உலகத்த அப்படியே விட்டுட்டேன். பொண்ணுங்க படை நடத்துற நாட்டுல, பொண்ண பொண்ணு கட்டிக்கிறது சாதாரணமா இருக்குற நாட்டுல, ஒருத்தியக் கேவலப்படுத்தணும்னா என்னனு கேப்பாங்க? எனக்கு பதில் தெரியல. பதில் தெரியலனா அந்த உலகம் எங்கிட்ட இன்னும் இல்லனுதான் அர்த்தம். கடைசியில ரெண்டு வாரம் யோசிச்சு ஒண்ணு கெடச்சுது: அந்த நாட்டுல போருக்குப் போய்ட்டு வர்றவ, தான் கொன்ன ஒவ்வொருத்தரோட பேரையும் அன்னைக்கு ராத்திரி தன் துணைகிட்ட சொல்லணும், அதுதான் வழக்கம், அதுதான் கௌரவம். இப்ப அந்த மனைவி கேக்குறா, "இத்தன வருஷம் எங்கிட்ட சொன்ன பேரெல்லாம் பொய்யா?" இது குத்துது. இதுல ஆம்பள பொம்பளனு ஒரு வார்த்த கூட இல்ல, ஆனா மூலத்துல அந்த வரி செஞ்ச வேலைய இது செய்யுது.

அதனால மொத வேல எழுதுறது இல்ல, படிக்கிறது. நாடகத்த பென்சிலோட உக்காந்து படிங்க. பாலினத்த மாத்துனா எந்த எந்த வரி ஒடையுதோ அதுக்கெல்லாம் பக்கத்துல ஒரு கோடு. அந்தக் கோடுதான் உங்களோட உண்மையான அவுட்லைன். மெக்பத்துலயே எத்தன முடிச்சு இருக்குனு பாருங்க: லேடி மெக்பத் ஆவிங்கள கூப்பிட்டு எங்கிட்ட இருக்குற பெண்தன்மைய எடுத்துருங்கனு கேக்குறது, பொண்டாட்டி புள்ளைங்கள எழந்த மெக்டஃப்கிட்ட ஆம்பள மாதிரி தாங்கிக்கோனு சொல்லும்போது அவன் ஆம்பள மாதிரி துக்கப்படவும் செய்யணும்ல னு திருப்பிச் சொல்றது, சூனியக்காரிங்களுக்கு தாடி இருக்குறத பாத்து மெக்பத்தோட கூட்டாளி பாங்க்வோ கொழம்புறது, அப்பறம் அந்தப் பெரிய முடிச்சு, பொண்ணு வயித்துல பொறந்த யாராலயும் மெக்பத்துக்கு ஆபத்து இல்லங்கிற வாக்கு. கடைசியில மெக்பத்தக் கொல்ற மெக்டஃப் தாய் வயித்தக் கிழிச்சு எடுத்த கொழந்தைங்கிறதுதான் அதுல இருக்குற ஓட்ட. இப்ப உங்க உலகத்துல ரெண்டு பொண்ணுங்களுக்கு கொழந்த ஆத்துலருந்து வருது, மரத்துலருந்து வருதுனு வச்சீங்கனா ஊர்ல பாதி பேரு பொண்ணு வயித்துல பொறக்காதவங்க, அந்த வாக்கு அன்னைக்கே செத்துப்போச்சு. வேற வாக்கு வேணும், கேக்குறவங்களுக்கு ஒரு அர்த்தமும் உள்ள வேற ஒரு அர்த்தமும் இருக்குற மாதிரி. ஃபேன்டசினா எத வேணா வச்சுக்கலாம்னு இல்ல, ஒண்ண வச்சா அது எங்கெல்லாம் போய் இடிக்குதுனு பாத்தே ஆகணும்.

உரிமை விஷயம் சீக்கிரமா சொல்லிடுறேன். ஷேக்ஸ்பியர் 1616-ல, வைல்ட் 1900-ல, செகாவ் 1904-ல, இப்சன் 1906-ல எறந்தவங்க, இவங்க நாடகம் எல்லாம் இப்ப பொதுச்சொத்து. பல நாட்டுல எழுதுனவர் எறந்து 70 வருஷம் வரைக்கும் காப்பிரைட், இந்தியாவுல 60 வருஷம். ஆனா மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்துனவரா இருக்கலாம், நீங்க கையில வச்சிருக்குற மொழிபெயர்ப்பு போன வருஷம் வந்ததா இருக்கும், அதுல இருக்குற வரிய அப்படியே எடுத்துப் போடாதீங்க. கதைய எடுத்துக்கோங்க, வார்த்தை உங்களோடதா இருக்கட்டும்.

இன்னொண்ணு, எழுத ஆரம்பிக்கும்போது நெறைய பேருக்கு ஒரு தயக்கம் வரும், நல்லா இருக்குற ஒரு கிளாசிக்ல நம்ம விஷயத்தக் கொண்டுபோய்த் திணிக்கிறோமோனு. அந்தத் தயக்கம் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்துல 1660 வரைக்கும் தொழில்முறை மேடையில பொண்ணுங்க நடிக்கல, ஜூலியட், கிளியோபாட்ரா எல்லாமே பையனுங்க போட்ட வேஷம். பழைய கிரேக்க மேடையிலயும் ஆம்பளைங்கதான். அப்ப ஷேக்ஸ்பியரோட ட்வெல்ஃப்த் நைட் மொதல்ல மேடை ஏறுனப்ப என்ன நடந்துருக்கும்னு நெனச்சுப் பாருங்க: ஒரு பையன், வயோலாங்கிற பொண்ணா நடிக்கிறான், அந்தப் பொண்ணு சிசாரியோங்கிற பையனா வேஷம் போடுறா, அந்த சிசாரியோவ ஒலிவியாங்கிற பொண்ணு காதலிக்கிறா, அந்த ஒலிவியாவும் ஒரு பையன். கடைசி சீன்ல கூட வயோலா பொண்ணு உடுப்புல வர்றதே இல்ல, அவளோட துணி ஒரு கப்பல் கேப்டன்கிட்ட இருக்கு, அவன் ஜெயில்ல இருக்கான், அவளக் கட்டிக்கப் போற ஆர்சினோ அவள சிசாரியோனே கூப்பிட்டுதான் கூட்டிட்டுப் போறான். அப்பறம் 1845 கடைசியில லண்டன்ல சார்லட் குஷ்மன்ங்கிற நடிகை ரோமியோவா நடிச்சாங்க, ஜூலியட்டா நடிச்சது அவங்க சொந்தத் தங்கச்சி சூசன். 1899-ல சாரா பெர்ன்ஹார்ட்ங்கிற நடிகை ஷேக்ஸ்பியரோட இளவரசன் ஹேம்லட்டாவே மேடை ஏறுனாங்க. இது அங்கயே இருந்த கதவு. தாழ்ப்பாள எடுக்குறது மட்டும்தான் நம்ம வேல.

சரி, யார மாத்துறது? எல்லாரையும் தலகீழா மாத்துனா கணக்கு சரியாத்தான் வரும், கதை வராது. ராஜாவெல்லாம் ராணி, ராணியெல்லாம் ராஜானு புரட்டிப் போட்டா பழைய அடுக்கு அப்படியே இருக்கும், மேல உக்காந்திருக்குற ஆளு மட்டும்தான் வேற. எனக்குப் பிடிச்ச வழி, ஒரே ஒரு ஆள மாத்திட்டு மத்த எல்லாம் எப்படி ஆடுதுனு பாக்குறது.

சுமார் கி.மு. 441-ல சோஃபக்ளீஸ் எழுதுன ஆன்டிகனிய எடுத்துக்கோங்க. அண்ணனப் பொதைக்கக் கூடாதுனு மாமா கிரியோன் சட்டம் போடுறாரு, ஆன்டிகனி மண்ண அள்ளிப் போட்டுப் பொதைக்கிறா. இதுல ஆன்டிகனிய பையனா மாத்துனா மொத்தமும் சரிஞ்சுரும். ஏன்னா கிரியோனோட கோவத்துல பாதி, ஒரு பொண்ணுகிட்ட நான் தோக்குறதாங்கிறதுதான், தங்கச்சி இஸ்மெனி பயப்படுறதும் நம்ம பொண்ணுங்க, ஆம்பளைங்களோட மோத முடியாதுனு சொல்லித்தான். அதனால ஆன்டிகனிய விட்ருங்க. ஹீமோன மாத்துங்க. கிரியோனோட பையன், ஆன்டிகனிக்கு நிச்சயம் ஆனவன். அவன் பொண்ணா ஆயிட்டா கிரியோன் முன்னாடி வந்து வாதாடுறது அவர் பெத்த மக, ஆன்டிகனியக் காதலிக்கிறவ. 'நீ ஒரு பொம்பளைக்கு அடிமை'னு மூலத்துல பையனத் திட்டுற கிரியோன் இப்ப மகளப் பாத்து என்ன சொல்வாரு? சொல்ல வார்த்தையே இல்லாம நிப்பாரு. அந்த மௌனத்துலதான் உங்க நாடகம் இருக்கு. இதுல ஃபேன்டசிக்கும் நீங்க எங்கயும் போக வேண்டாம், பொதைக்காத பொணத்தோட உயிரு அந்தப்பக்கம் போய்ச் சேராதுங்கிற நம்பிக்கை அந்தக் கதைக்கு அடியிலயே கெடக்கு. அத நெசமாக்குங்க. அண்ணன் ராத்திரி ராத்திரி வந்து கதவத் தட்டட்டும்.

இப்ப மாயத்துக்கு வருவோம், இதுலதான் நான் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன்.

ஃபேன்டசில மாயம்னு ஒண்ணு கையில கெடச்சதும் மொதல்ல வர்ற ஆச அத வச்சு 'பிரச்சனைய' தீக்குறது. 1592-ல அச்சான ஜான் லிலியோட கலாத்தியானு ஒரு நாடகம் இருக்கு. ஊர்லயே அழகான கன்னிப்பொண்ண கடல் பூதத்துக்குப் பலி குடுக்கணும், அதுக்கு பயந்து ரெண்டு அப்பாங்க ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அவங்கவங்க பொண்ணுக்கு பையன் வேஷம் போட்டு காட்டுக்கு அனுப்புறாங்க, அங்க கலாத்தியாவும் ஃபிலிடாவும் பாத்துக்குறாங்க, ரெண்டு பேருக்கும் காதல், எதிர்ல இருக்குறதும் பொண்ணுதானோனு சந்தேகம் வந்த பின்னாடியும் அந்தக் காதல் போகல. உண்மை வெளிய வந்ததும் வீனஸ் தேவதை உங்கள்ல ஒருத்திய நான் பையனா மாத்துறேன்னு வாக்கு குடுக்குறா, யார மாத்துவானு நாடகம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. அந்தக் காலத்துக்கு இது எவ்ளோ பெரிய தைரியம்! ஆனா இன்னைக்கு நாம திருப்பி எழுதும்போது அந்த எடத்துல நின்னு ஒண்ணு கேக்கணும், ஏன் மாத்தணும்? ரெண்டு பொண்ணுங்களாவே இருந்தா என்ன? மாத்தம் கல்யாணத்துக்கு கட்டுற அபராதம் மாதிரி வந்தா அது வேண்டாம். ஆனா ஃபிலிடா மொத சீன்லருந்தே அந்தப் பையன் உடுப்புலதான் நிம்மதியா மூச்சு விடுறா, இல்ல, மூச்சு விடுறான்னு நீங்க எழுதிட்டு வந்தீங்கனா, வீனஸ் குடுக்குறது அபராதம் இல்ல, ஃபிலிடா வாய்விட்டுக் கேட்ட வரம். வெளிய நடக்குற சம்பவம் ரெண்டுலயும் ஒண்ணுதான், யாரு கேட்டாங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. அதே மாதிரி குயரா இருக்குறத சாபமா வைக்காதீங்க, சாபம் தீந்ததும் 'சரியாயிட்டாங்க'னு முடிக்கவே முடிக்காதீங்க. படிக்கிறவங்கள்ல யாரோ ஒருத்தர் தன்னயே அதுல தேடிட்டு இருப்பாங்க.

மாயத்த எப்படி நல்லா பயன்படுத்தலாம்னு கேட்டா நான் எப்பவும் காளிதாசனோட சாகுந்தலத்தத்தான் சொல்வேன். மகாபாரதத்துல இருக்குற கதையில சாபமும் கெடையாது, மோதிரமும் கெடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, ஊரு என்ன சொல்லுமோனு தெரியாத மாதிரி நடிக்கிறான். துர்வாசர் சாபம், ராஜா பேரு பொறிச்ச மோதிரம், அது தண்ணில நழுவி மீன் வயித்துக்குள்ள போறது எல்லாம் காளிதாசன் நாடகத்துலதான் வருது. இப்ப துஷ்யந்தன அரசாளுற ஒரு பொண்ணா மாத்துங்க. வேட்டைக்கு வந்த எடத்துல சகுந்தலையப் பாக்குறா, காந்தர்வ மணம், சாட்சி தேவையில்ல, ரெண்டு பேரு சம்மதம் போதும். அப்பறம் தலைநகரத்துக்குப் போறா, மறந்துர்றா. சகுந்தலை சபைக்கு வந்து நிக்கிறா, வெரல தடவிப் பாக்குறா, மோதிரம் இல்ல.

இந்த சீன் ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல நடக்கும்போது வேற கனம் வந்துருது. எந்த ஏட்டுலயும் எழுதாத உறவு, வீட்டுல யாருக்கும் தெரியாத உறவு, ரெண்டே ரெண்டு பேரு ஞாபகத்துல மட்டும் உயிரோட இருக்குற உறவு, அதுல ஒருத்தி மறந்துட்டா அது நடந்துச்சுங்கிறதுக்கே ஆதாரம் இல்ல. 'நீங்க ஃப்ரெண்ட்ஸ்தானே'னு யாராவது சொன்னத ஒரு தடவையாவது கேட்டவங்களுக்கு அந்த காலி வெரல் என்னனு தெரியும். இங்க மாயம் வந்து காதலுக்குத் தடையாவும் இல்ல, மருந்தாவும் இல்ல, அந்த வலிய கண்ணுக்குத் தெரியிற ஒரு பொருளா மாத்துது. அதுதான் அதோட வேல. அடுத்து நீங்க முடிவு பண்ண வேண்டியது, அரசி நெசமாவே மறந்தாளா, இல்ல சாபம்னு சொல்லித் தப்பிச்சாளா. காளிதாசன் சாபத்த வச்சு ராஜாவக் காப்பாத்திட்டாரு, பழைய கதை காப்பாத்தல. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பிடிக்கும்: சாபம் உண்மைதான், ஆனா அது யாரு உள்ளுக்குள்ள ஏற்கனவே மறந்துரணும்னு நெனக்கிறாங்களோ அவங்க மேல மட்டும்தான் பலிக்கும். சகுந்தலையோட புள்ள பரதன் எப்படிப் பொறந்தான்னு படிக்கிறவங்க கேப்பாங்க, அதுக்கும் ஒரு பதில் உங்க கையில இருக்கணும், ரெண்டு வரி போதும், அந்த வரி அந்த உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண விஷயமா காதுல விழணும்.

அடுத்தது மொழி. தமிழ்ல எழுதுறவங்களுக்கு வர்ற ஒரு தலவலி, அதே சமயம் நமக்குக் கெடச்ச ஒரு வரம். நம்ம வினைமுற்று பாலினத்தக் காட்டிக் குடுத்துரும். சிசாரியோ கதவத் தட்டினான்னா ஒரு கதை, தட்டினாள்னா வேற கதை, மறச்சு எழுத முடியாது. அதனால யாரு கண்ணு வழியா அந்த சீன் போகுதுங்கிறத மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க. ஒலிவியா பாக்கும்போது தட்டினான். உண்மை தெரிஞ்ச கேப்டன் பாக்கும்போது தட்டினாள். அவங்களே சொல்லும்போது தட்டினேன், அங்க பாலினமே இல்ல. கடைசி சீன்ல யாரு எந்த விகுதியச் சொல்றாங்கங்கிறதே க்ளைமாக்ஸ் ஆயிடும். ஆர்சினோ அத்தன தெரிஞ்ச பின்னாடியும் 'வந்தான்'னே சொல்றானா? அதக் கேட்டு சிசாரியோ சிரிக்கிறானா, சுருங்குறாளா?

பாலினம் காட்டாம பல பக்கம் எழுதணும்னாலும் முடியும், பழகணும் அவ்ளோதான். '-ல'னு முடியுற எதிர்மறை வினைக்கு பாலினம் கெடையாது: அவன் வரல, அவ வரல, நான் வரல, எல்லாம் ஒண்ணுதான். 'தான்', 'தன்'னுக்கும் கெடையாது. இன்னும் அழகான ஒண்ணு, தமிழ்ல ஒருத்தர் செய்யுற காரியத்துக்குத்தான் ஆண் பெண் விகுதி, மனசுக்குள்ள நடக்குறதுல பலதுக்கு இல்ல. சிசாரியோவுக்குத் தெரியும், சிசாரியோவுக்குப் பிடிச்சிருக்கு, சிசாரியோவுக்கு வலிக்குது. எங்கயாச்சும் ஆணா பெண்ணானு தெரியுதா? இத நான் கவனிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 'எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு'ங்கிற வாக்கியத்துல சொல்றவங்களும் கேக்குறவங்களும் யாரா வேணாலும் இருக்கலாம்.

ஆணுமில்லாம பெண்ணுமில்லாம இருக்குற கேரக்டருக்கு 'அவர்', 'அவங்க' சரியா வரும், ஆனா அரமனைக் கதையில எல்லாருமே மரியாதைக்கு 'அவர்'தான், வித்தியாசம் தெரியாம போயிரும். அப்ப பேச்சுல ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க, நெருக்கமானவங்க மத்தவங்கள 'அவன்', 'அவ'னு சொல்லும்போது இந்த ஆள மட்டும் எதிரி கூட அவங்கனு சொல்ற மாதிரி. 'ராணி'ங்கிற வார்த்தையில பாருங்க, ராஜாவோட பொண்டாட்டிங்கிற வாசன ஒட்டிட்டு இருக்கு, ஆளுறவளுக்கு 'அரசி' வைங்க, இல்ல யாருக்கும் பொருந்துற மாதிரி 'வேந்தர்'னு ஒரே பட்டமா வச்சிருங்க. தொல்காப்பியத்துலயே ஒரு சூத்திரம் இருக்கு, ஆண்மை திரிஞ்சவங்கள, அதாவது ஆண் தன்மையிலருந்து மாறுனவங்களக் குறிக்கிற பேருக்கும் தெய்வத்தக் குறிக்கிற பேருக்கும் தனி விகுதி கெடையாது, உயர்திணை விகுதிகளையே எடுத்துக்கும்னு. ரெண்டையும் சேத்து ஒரே சூத்திரத்துல சொல்லிருக்காரு! ஃபேன்டசி எழுதுற ஒருத்தருக்கு இத விட பெரிய வெத வேற எங்க கெடைக்கும்? தெய்வங்களும் அவங்களும் ஒரே இலக்கணத்துல பேசப்படுற ஒரு நாடு, அத மட்டும் வச்சே ஒரு முழு நாடகம் எழுதலாம்.

முடிவ பத்தி. சோக நாடகத்த எடுத்தா எல்லாரும் சாகணுமா? சாகலாம், நான் அதுக்கு எதிரி இல்ல, ஆனா எதனால சாகுறாங்கங்கிறதப் பாருங்க. ரோமியோவும் ஜூலியட்டும் சாகுறதுக்கு காரணம் ரெண்டு குடும்பத்துப் பகையும், போய்ச் சேராத ஒரு கடிதமும். அந்தக் கடிதம் ஏன் போகலனா கொண்டுபோன துறவிய கொள்ளநோய் பயத்துல ஒரு வீட்டுல வச்சு அடச்சுட்டாங்க. ரெண்டு பையனுங்க கதையா இத மாத்தும்போது அந்தப் பகையும் கடிதமும் அப்படியே இருக்கட்டும். அத எடுத்துட்டு 'பையன் பையன காதலிச்சான், அதனால செத்தான்'னு வச்சா கதை சின்னதாயிருது, அதோட அந்த சாவ குயர் வாசகர்கள் ஆயிரம் தடவ பாத்தாச்சு. ஒருத்தர் உடம்பு என்னங்கிறத திடீர்னு தெறந்து காட்டி ட்விஸ்ட்டா வைக்கிறதையும் தயவுசெஞ்சு விட்ருங்க, பழைய நாடகத்துல வேஷம் கலையுற சீன் நெறைய இருக்கும், அங்கெல்லாம் யாரும் யாரையும் உரிச்சுக் காட்டாம, அவங்களே வாயத் தெறந்து சொல்ற மாதிரி மாத்துங்க. திருநங்கை, திருநம்பி கேரக்டர் எழுதுனா அந்த வாழ்க்க வாழுறவங்க ஒருத்தருக்காவது படிக்கக் குடுத்து, அவங்க நேரத்துக்கு மதிப்புக் குடுத்து, சொன்னதக் கேட்டுத் திருத்துங்க.

எங்கருந்து ஆரம்பிக்கிறதுனு இன்னும் கொழப்பமா இருந்தா முழு நாடகம் வேண்டாம், ஒரே ஒரு ஆள எடுத்துக்கோங்க. ட்வெல்ஃப்த் நைட்ல அந்தோனியோனு ஒரு கடலோடி. வயோலாவோட எரட்டைப் பொறப்பு செபாஸ்டியன் மூழ்க இருந்தப்ப காப்பாத்துனவன், அவன விட்டுப் பிரிய முடியாம, கால் வச்சா பிடிச்சுருவாங்கனு தெரிஞ்ச ஊருக்கே பின்னாடி வந்து, தன் காசுப்பையையும் குடுத்து, அவனுக்காகன்னு நெனச்சு வாளும் உருவி, மாட்டிக்குறான். கடைசி சீன்ல எரட்டைங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது அவன் கேக்குறது, இதுல செபாஸ்டியன் யாருனு. அதுக்கப்பறம் நாடகம் முடியுற வரைக்கும் அவனுக்கு ஒரு வரி கூட கெடையாது, சுத்தி ஜோடி ஜோடியா சேருது, அவன் அங்கயேதான் நிக்கிறான். அவன அவளாக்குங்க, இல்ல அவனாவே விடுங்க, கையில கடல்கிட்ட வாங்குன ஏதாவது ஒரு மாயத்தக் குடுங்க. அந்தக் கேள்விக்கு அடுத்த வரிய நீங்க எழுதுங்க.